புட்டிப்பாலில் வளர்ந்த கிடாய்

ஆனி மாதம், மேகாற்று மணலை அள்ளி வீசிக்கொண்டிருந்த பொழுது. அத்தை ஊற்றுக்குள் குனிந்து சிரட்டையால் தண்ணீரைக் கோரிக் குடத்தில் ஊற்றிக்கொண்டிருந்தார். வாலிநோக்கத்துக்கும் மாரியூருக்கும் இடைப்பட்ட எங்கள் கரையில் இப்படித்தான் தண்ணீர். மணலைத் தோண்டிவிட்டுக் காத்திருந்தால் மெல்லக் கசிந்து ஊறும். நான் தள்ளுவண்டியில் குடம் அடுக்கிக்கொண்டிருந்தேன். எங்கள் செம்மறிக் கிடாய் பால்ராசு மேட்டில் நின்று அத்தையையே பார்த்தான். பிறகு நாலைந்து அடி பின்னால் போனான். அதை நான் என் கண்ணால் பார்த்தேன். விலகிப் போகிறான் என்று நினைத்து அடுத்த குடத்தை எடுக்கத் திரும்பினேன். "ஆத்தீ" என்ற சத்தம் கேட்டுத் திரும்பினால் அத்தை மணலில் கிடக்கிறார், வலது கையை ஊன்றியபடி. குடம் உருண்டு கிடந்தது. அவன் மறுபடியும் பின்னால் போய்க்கொண்டிருந்தான்.

செம்மறிக் கிடாய் பின்னால் போவது விலகுவதற்கு அல்ல. ஓடிவந்து முட்ட இடம் எடுத்துக்கொள்கிறது. வெள்ளாட்டுக் கிடா பின்னங்காலில் எழுந்து நின்று மேலிருந்து இறங்கி முட்டும். செம்மறி பின்வாங்கி, தலையைத் தாழ்த்தி, நேர்கோட்டில் வரும். 12 வருடமாக ஆடுகளோடு இருக்கும் எனக்கு மந்தைக்குள் இது தெரியும். வீட்டுக்குள் வளர்ந்த பிள்ளையிடம் அதைப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை.

அத்தையின் மணிக்கட்டு எலும்பு முறிந்து ஆறு வாரம் கட்டுப் போட்டிருந்தார். பால்ராசுக்கு அப்போது வயது 7 மாதம், எடை 20 கிலோவுக்குக் கொஞ்சம் மேல்.

அவன் எங்கள் கைக்கு வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் பட்டியில் 22 உருப்படி, எல்லாம் ராமநாதபுரம் வெள்ளை. ராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர்ப் பக்கத்துச் சொந்த இனம். கிடாய்க்கு முறுக்கிய கொம்பு, பெட்டைக்குக் கொம்பு கிடையாது. கார்த்திகை மழையில் நீலநாக்கு நோய் வந்தது. மழை ஈரத்தில் பெருகும் சின்னக் கடிபூச்சிகளால் பரவுகிற நோய். முகம் வீங்கி, வாயில் நுரை தள்ளி, நொண்டி நொண்டி மூன்று ஆடுகள் செத்தன. அதில் ஒன்று 6 நாளைக்கு முன்தான் ஈன்றிருந்தது. சீம்பால் குடித்துவிட்ட குட்டி என்பதால் பிழைக்க வைக்கலாம் என்று கால்நடை மருத்துவர் சொன்னார்.

பக்கத்து வீட்டு வெள்ளாட்டுப் பாலும் மீதிக்குப் பசும்பாலும் கொடுத்தோம். குட்டியின் எடையில் பத்தில் ஒரு பங்கு அளவு பால் ஒரு நாளைக்கு. அதை நாலைந்து வேளையாகப் பிரித்து, வெதுவெதுப்பாக, குட்டியை நிற்க வைத்து, தாய் மடியில் குடிப்பதுபோல் கழுத்து நிமிர்ந்திருக்கும்படி. மல்லாத்திப் படுக்க வைத்து ஊட்டினால் பால் நுரையீரலுக்குள் போய்விடும். இதெல்லாம் சரியாகச் செய்தோம். குட்டி கொழுகொழுவென்று வந்தது. பால் குடித்தே வளர்ந்தவன் என்று என் மகள் பால்ராசு என்று பேர் வைத்தாள்.

தப்பு நடந்தது பாலில் இல்லை, மற்ற எல்லாவற்றிலும். குளிருக்கு அடுப்படியில் படுக்க வைத்தோம். மற்றக் குட்டிகள் கூட்டில் கிடக்க, இவன் மட்டும் எங்களோடு திண்ணையில். பசித்தால் முழங்காலில் மூக்கால் இடிப்பான். இடித்தவுடன் புட்டி வரும். அதாவது, மனுசரை இடித்தால் பால் கிடைக்கும் என்று நாங்களே நாளுக்கு ஐந்து தடவை பாடம் நடத்தினோம். தாய் ஆட்டின் மடியைக் குட்டி முட்டிக் குடிப்பது இயல்பு. ஆனால் தாய், வேண்டாத நேரத்தில் முட்டினால் காலை உதறி நகர்ந்து போகும், ரொம்பவும் போனால் தலையால் ஒரு தள்ளு கொடுக்கும். நாங்கள் ஒருநாளும் நகரவில்லை. சிரித்தோம்.

அடுத்தது நெற்றி. குட்டியின் நெற்றியைத் தடவாத கை எங்கள் தெருவில் கிடையாது. கொம்பு முளைக்கும் இடத்தில் சொரிந்தால் அது கண்ணை மூடிச் சொக்கும். பார்க்க அவ்வளவு அழகாக இருக்கும். அங்கே அழுத்த அழுத்தக் குட்டி எதிர்த்துத் தள்ளும். தெருப் பையன்கள் உள்ளங்கையை நெற்றியில் வைத்து "முட்டு, முட்டு" என்று பழக்கினார்கள். கிடாய்முட்டு பார்த்து வளர்ந்த ஊர் இது. முட்டுகிற குட்டியைப் பார்த்தால் இங்கே ஆண்பிள்ளைகளுக்குக் கை சும்மா இருக்காது. நானும் தடுக்கவில்லை. 5 கிலோக் குட்டி ஒன்றரை அடி ஓடிவந்து கையில் மோதுவதில் யாருக்கு என்ன கேடு என்று இருந்துவிட்டேன். அந்த நெற்றி வளர்ந்துகொண்டே இருக்கும், உள்ளே போன பாடமும் கூடவே வளரும் என்பது எனக்கு உறைக்கவில்லை.

மாசியில், மூன்று மாதம் ஆனபோது பாலை நிறுத்தினோம். அந்த மாதத்திலிருந்து நடந்ததை வரிசையாக நினைத்துப் பார்க்கிறேன், ஏனென்றால் ஒவ்வொன்றும் முன்னறிவிப்பு. முதலில் கருவ நெத்துக் (கருவை மரத்தின் காய்ந்த காய்) கூடையோடு போனால் பின்னாலேயே வந்து முழங்கால் குழியில் தள்ளினான். பிறகு வழியை மறித்து நின்றான்; நான்தான் சுற்றிப் போனேன். அவனுக்கு அது வெற்றி. பிறகு என் பக்கவாட்டில் தோளை உரசிச் சாய்ந்தான். பாசம் என்று நினைத்தேன். பங்குனிக் கடைசியில் மகள் சேலைக்கொடிக்கு அடியில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தபோது அவள் முதுகில் முன்னங்காலைத் தூக்கிப் போட்டான். அத்தை விரட்டினார். அவன் ஓடவில்லை. மேலுதட்டைச் சுருட்டி வானத்தைப் பார்த்து நின்றான். பெட்டையின் மூத்திரத்தை மோந்துவிட்டுக் கிடாய் செய்கிற வேலை அது. ஐந்து மாதத்திலேயே கிடாய்க்குட்டிக்குப் பருவம் தட்டத் தொடங்கிவிடும். அன்றைக்கே நான் விழித்திருக்க வேண்டும்.

அத்தை கட்டோடு வந்து படுத்த அன்று வீட்டில் பெரிய பேச்சு. கறிக்குக் கொடுத்துவிடலாம் என்றார் வீட்டுக்காரர். மீன்பிடிக்கப் போகிற மனுசர் அவர், ஆட்டில் இப்படி ஒட்டுவது அவருக்குப் புரிவதில்லை. முட்டுக்கிடாய் வளர்க்கிறவர் ஒருவர் வந்து நல்ல விலை சொன்னார். எனக்கு மனசு ஒப்பவில்லை. எங்கள் கையால் கெட்ட பிள்ளையை இன்னும் கெடுக்கவா அனுப்புவது? அதைவிட, குணத்தை மறைத்துச் சந்தையில் வேறு குடும்பத்துக்கு விற்பது பாவம். அந்த வீட்டிலும் ஒரு கிழவியும் ஒரு குழந்தையும் இருப்பார்கள்.

பக்கத்து ஊரில் ஒரு கீதாரி தாத்தா இருக்கிறார். வயசுக் காலத்தில் தஞ்சாவூர்ச் சீமை வரை மந்தை ஓட்டிப் போய்க் கிடை போட்டவர், இப்போது ஊரோடு தங்கிவிட்டார். அவரைப் போய்ப் பார்த்தேன். நான் சொல்லி முடிக்கும் முன்பே கேட்டார்.

"ஏத்தா, நெத்தியத் தடவி வளத்தீகளோ?"

"ஆமா தாத்தா."

"மத்தக் குட்டியளோட விடலையாக்கும்?"

"அடுப்படியிலதான் கெடந்துச்சு."

"அப்ப அதுக்குக் கோவம்னு நெனைக்காத. ஒங்களத்தான் அது தன் மந்தைன்னு நெனைச்சிருக்கு. மந்தைக்குள்ள எளவட்டக் கெடா யாரு பெருசுன்னு முட்டித்தான் பாக்கும். ஒன் மாமியா குனிஞ்சு தலையத் தாழ்த்துனது, வா பாத்துக்கிருவோம்னு கூப்புட்ட மாதிரி அதுக்கு."

அந்தப் பேச்சு எனக்கு எல்லாவற்றையும் மாற்றிப் போட்டது. மந்தையில் தாயோடு வளர்ந்த கிடாய்க்கு மனுசன் வேறு சாதி. கண்டால் நாலடி தள்ளி நிற்கும். எங்களுடையதற்கு அந்த நாலடி கிடையாது. இல்லாத அந்த நாலடியைத்தான் நாங்கள் புதிதாக உண்டாக்க வேண்டியிருந்தது.

இதே வாரத்தில் கொழுந்தனார் போன் பேசினார். அவர் வளைகுடா நாட்டில் ஒரு மஸ்ராவில், அதாவது பண்ணையில், வேலை பார்க்கிறார். முதலாளி ஆசைக்காக லாமா இரண்டு வளர்க்கிறார். பெரு, பொலிவியா மலைநாட்டுப் பிராணி, ஒட்டகத்துக்குப் பங்காளி. அதில் புட்டிப்பால் குடித்துத் தனியாக வளர்ந்த ஆண் ஒன்று ஆட்களை நெஞ்சால் இடித்துத் தள்ளுகிறதாம், கழுத்தை மேலே போட்டு அமுக்குகிறதாம், எச்சிலைத் துப்புகிறதாம். லாமா, அல்பாகா வளர்க்கிற நாடுகளில் இது நன்றாகத் தெரிந்த விசயம் என்றார்: ஆண் குட்டியைக் கொஞ்சி வளர்த்தால் பருவம் வந்ததும் மனுசரைப் போட்டி ஆணாக எண்ணிப் பாயும். அங்கேயும் சொல்கிற பரிகாரம் அதேதான், சின்ன வயசிலேயே தன் இனத்தோடு விட வேண்டும், கொஞ்சக் கூடாது. ஒன்றில் மட்டும் வித்தியாசம். லாமாவுக்குக் கால் எலும்பு சரியாக வளர வேண்டும் என்று ஒன்றரை, இரண்டு வயது வரை பொறுத்துத்தான் பொதுவாகக் காயடிப்பார்கள். பாய்கிற குணம் தெரிந்தால்தான் முன்கூட்டியே செய்வார்கள். செம்மறிக்கு அந்தக் காத்திருப்பு வேண்டியதில்லை, 2, 3 மாதத்திலேயே செய்துவிடலாம். கடல் கடந்த ஒரு விலங்கும் என் திண்ணைக் கிடாயும் ஒரே தப்பால் கெட்டிருக்கின்றன என்று கேட்டபோது, ஏதோ ஒரு வகையில் தைரியம் வந்தது.

கீதாரி தாத்தா சொன்னபடி முதல் வேலையாக அவனை வீட்டிலிருந்து பட்டிக்கு மாற்றினோம். நேராக மந்தையில் விடக் கூடாது, பெரிய கிடாயோடு மோதிக் கழுத்து ஒடிந்துவிடும் என்றார். அதற்கு ஒரு வழி உண்டு. மூன்று காயடித்த கிடாய்களோடு சேர்த்து, பின்வாங்கி ஓடிவர இடமில்லாத சின்னக் கொட்டடிக்குள் இரண்டு நாள் அடைத்தோம். நெருக்கத்தில் முட்டினாலும் வேகம் இருக்காது. தள்ளிக்கொண்டு, மோந்துகொண்டு, மூன்றாம் நாள் ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்து அசை போட்டன. அதற்குப் பிறகு மந்தை. அங்கே எங்கள் பெரிய கிடாய் அவனுக்கு ஒரே ஒரு பாடம் நடத்தியது. நான் ஏழு மாதமாக நடத்தாத பாடம்.

கையால் தீனி கொடுப்பதை அடியோடு நிறுத்தினேன். எங்களுக்கு இதுதான் ரொம்பக் கஷ்டமாக இருந்தது. மகள் பள்ளிக்கூடம் விட்டு வந்து மடியில் நெத்து வைத்துக்கொண்டு வேலியோரம் நிற்பாள். வேலிக்கு வெளியில் இருந்தே தொட்டியில் கொட்டிவிட்டு, ஆடுகள் குனிந்த பிறகுதான் உள்ளே போவது என்று வைத்துக்கொண்டோம். கூடையைப் பார்த்தால் ஓடிவரும் பழக்கம் மறைய மூன்று வாரம் ஆனது.

உள்ளே போகும்போது கையில் காலி பிளாஸ்டிக் குடம். அவன் என்னைப் பார்த்து நின்றால் நானும் நிற்பேன். நேராக வந்தால் குடத்தைத் தட்டிச் சத்தம் எழுப்பி நான் அவன் பக்கம் ஓரடி வைப்பேன், அவன் விலகும் வரை. விலகியவுடன் நானும் நின்றுவிடுவேன். துரத்தக் கூடாது, துரத்தினால் அது விளையாட்டாகிவிடும். பின்வாங்க ஆரம்பித்தால் முகத்தில் ஒரு செம்புத் தண்ணீர். இதில் நேரம்தான் முக்கியம். முட்டிய பிறகு தண்டிப்பதில் பயனில்லை; தலை தாழ்வதற்கு முன்பு, கண் ஒரே இடத்தில் குத்தி நிற்கிறதே, அந்த நொடியில் செய்ய வேண்டும்.

கம்பால் மண்டையில் அடிப்பதைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் எல்லாரும் சொல்கிற வைத்தியம் அதுதான். வீட்டுக்காரர் ஒருநாள் தொரட்டிக் கம்பால் அவன் நெற்றியில் போட்டார். அவன் தலையை உதறிவிட்டு முன்னைவிட நீளமாகப் பின்வாங்கினான். மோதுவதற்கென்றே கெட்டியாக உண்டான மண்டை அது. அங்கே விழும் அடி, "நானும் ஒரு கிடாய், வா" என்று சொல்கிற மாதிரி. அடித்து அடங்கிய கிடாயை நான் பார்த்ததில்லை. அடித்தவருக்குப் பயந்து, அடிக்க முடியாத கிழவியையும் குழந்தையையும் தேடிப் போகிற கிடாயைப் பார்த்திருக்கிறேன்.

பிடிக்க வேண்டி வந்தால் தாடைக்கு அடியில் கை கொடுத்து முகவாயைத் தூக்க வேண்டும். தலை தாழாமல் செம்மறியால் பாய முடியாது. மற்றக் கையைத் தொடைச் சப்பையில் கொடுத்து, தலையை ஒரு பக்கமாகத் திருப்பி, பின்பக்கத்தை மெதுவாக இறக்கினால் உட்கார்ந்துவிடும். முதுகை நம் முழங்காலில் சாய்த்து, நாலு காலும் தரையில் படாமல் வைத்தால் துள்ளாமல் அடங்கி இருக்கும். ஒரு நிமிடம், இரண்டு நிமிடம்; பிறகு விட்டுவிடலாம். நான் இதை நாலு மாதக் குட்டியாக இருந்தபோதே தொடங்கியிருந்தால் தனியாகச் செய்திருப்பேன். 20 கிலோ தாண்டியவனை உட்கார வைக்க எனக்குத் துணை ஆள் வேண்டியிருந்தது.

பாய்ந்து வந்துவிட்டால் என்ன செய்வது என்று கேட்பவர்களுக்கு: ஓடக் கூடாது. முதுகைக் காட்டக் கூடாது. வேகம் எடுத்துவிட்ட கிடாயால் சட்டென்று திரும்ப முடியாது. கடைசி நேரத்தில் பக்கவாட்டில் விலகினால் தாண்டிப் போய்விடும். அந்த இடைவெளியில் வேலிக்கு வெளியே வந்துவிட வேண்டும். இது திடமான ஆளுக்கு. எங்கள் வீட்டில் அத்தையும் மகளும் அவன் இருக்கும் பக்கமே போகக் கூடாது என்று வைத்தோம். கழுத்தில் மணி கட்டினோம், எங்கே நிற்கிறான் என்று முதுகுக்குப் பின்னாலும் தெரிய வேண்டும். முதல் மாதம் தாத்தா அவன் கொம்புகளுக்கு இடையே கண்ணை மறைக்கிற மாதிரி கித்தான் துண்டு ஒன்றைக் கட்டிவிட்டார். முன்னால் நேராகத் தெரியாது, தரையும் பக்கவாட்டும் தெரியும். மேயலாம், குறிபார்த்துப் பாய முடியாது. தினமும் அவிழ்த்து, உரசிப் புண்ணாகியிருக்கிறதா என்று பார்த்துக் கட்ட வேண்டும்.

தெருப் பையன்களை அடக்குவதுதான் மிச்சம். ஒருவனைக் கூப்பிட்டு அத்தையின் கட்டைக் காட்டினேன். "அப்பு, நீ வெளாட்டாத்தான் கைய வச்ச. அது வெளாட்டுன்னு அதுக்குத் தெரியாதுப்பு" என்றேன். அவன் அழுதுவிட்டான். அதற்குப் பிறகு அவன்தான் மற்றவர்களைத் தடுத்தான்.

இவ்வளவு செய்தும் ஒரு தடை பெரிதாக நின்றது: காயடிப்பு. மூன்றாம் மாதமே ஆட்டுக்கொல்லித் தடுப்பூசி போட வந்த மருத்துவர் சொல்லியிருந்தார். அத்தைதான் விடவில்லை. தாயில்லாக் குட்டி பிழைத்தால் உனக்கே என்று கார்த்திகையில் முனியசாமிக்கு நேர்ந்து விட்டிருந்தார். நேர்ந்த கிடாய்க்கு அங்கக்குறை ஆகாது என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. நேர்ந்துவிட்ட கிடாயை யாரும் அதட்டவும் மாட்டார்கள். கடைத்தெருவில் வாழைப்பழம் தின்று, எல்லார் கையும் பட்டு வளரும். அப்படி வளர்ந்த கிடாய்கள் எங்கள் ஊர்களில் எத்தனை பேரை முட்டியிருக்கின்றன என்று யோசித்துப் பார்க்கிறேன். சாமி குத்தம் என்ற பயத்தில் வெளியே சொல்ல மாட்டார்கள்.

அத்தையிடம் நான் வாதாடவில்லை. ஆடி முதல் வெள்ளிக்கிழமை அவரே இடது கையால் மஞ்சள் துணியை எடுத்துவரச் சொல்லி, 11 ரூபாய் வைத்து என்னை முடியச் சொன்னார். "ஒன் கெடாயை ஒனக்குத் தாரேன்னுதான் சொன்னேன். பிள்ளையள முட்டுற கெடா ஒனக்கு எதுக்குப்பா? அடுத்த ஈத்துல குத்தமில்லாத குட்டி தாரேன்" என்று முனியசாமி இருக்கும் திசையைப் பார்த்துப் பேசினார். எனக்குத் தொண்டை அடைத்தது.

மறுவாரம் அரசு கால்நடை மருத்துவமனையில் பர்டிசோ இடுக்கியால் செய்தார்கள். வெளியே காயம் கிடையாது, உள்ளே போகும் நரம்பையும் இரத்த ஓட்டத்தையும் நசுக்கிவிடுகிறது. சில நாள் வீக்கம், கால் அகட்டி நடந்தான். ஒரே நாளில் குணம் மாறாது என்று மருத்துவர் முன்பே சொன்னார். பருவ வேகம் வாரக் கணக்கில்தான் தணியும், பழகிய பழக்கம் அதற்குப் பிறகும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கும். அப்படித்தான் இருந்தது. புரட்டாசியில்கூட ஒருதடவை என்னைப் பார்த்துக் கண்ணைக் குத்தி நின்றான். குடத்தைத் தட்டினேன். போய்விட்டான்.

இன்று அவனுக்கு ஒன்றேகால் வயது. உப்பளத்துக்குப் பின்னால் ஒடை மர நிழலில் மந்தையோடு மந்தையாகக் கிடக்கிறான். என்னைக் கண்டால் எழுந்து மற்றவற்றோடு நாலடி தள்ளிப் போகிறான். முதலில் அது என்னைச் சுட்டது. மடியில் தூங்கிய பிள்ளை அல்லவா. இப்போது அந்த நாலடியைப் பார்த்தால்தான் எனக்கு நிம்மதி. அத்தையின் மணிக்கட்டு இன்னும் மழை நாளில் வலிக்கிறது, ஊற்றுக்குப் போனால் திரும்பித் திரும்பிப் பார்க்கிறார்.

மார்கழிக் கடைசியில் ஒரு ஆடு இரட்டை ஈன்று, கிடாய்க்குட்டியை ஒதுக்கிவிட்டது. முதலில் வேறு தாயோடு சேர்க்கப் பார்த்தோம், இரண்டு நாள் முயன்றும் அது ஏற்கவில்லை. மறுபடியும் புட்டிதான். ஆனால் இந்தக் குட்டி அடுப்படியைப் பார்த்ததே இல்லை. மற்றக் குட்டிகளோடு கூட்டிலேயே படுக்கிறது. பனமட்டை வேலியில் ஒரு ஓட்டை போட்டு, மறுபக்கத்திலிருந்து புட்டியைச் சொருகிப் பிடிக்கிறோம்; பால் வருவது அதற்குத் தெரியும், ஆள் தெரியாது. மூன்றாம் மாதம் மருத்துவமனைக்குக் கூட்டிப்போக மருத்துவரிடம் பேசியாகிவிட்டது. தடவியே தீர வேண்டும் என்று மகள் கேட்டால் முகவாய்க்கு அடியிலோ நெஞ்சிலோ சொரியலாம், அதுவும் குட்டி நாலு காலில் அமைதியாக நிற்கும்போது மட்டும். நெற்றிப் பக்கம் கை போகாது. நேற்று வேலிக்கு இந்தப் பக்கம் புட்டியைப் பிடித்துக்கொண்டே, பேர் வைக்கலாமா அம்மா என்று கேட்டாள். பங்குனி முடியட்டும், பால் மறந்து மந்தையோடு போகட்டும், அப்புறம் வை என்றேன். சரி என்றாள், ஓட்டை வழியாக அது குடிக்கும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே.